ஆண்டு எட்டு தயாரித்த வினாத்தாள்

அந்த வருடத்தின் இரண்டாம் தவணைக்கு வினாத்தாள்கள் வரவில்லை. கடதாசித் தட்டுப்பாடு. செய்தித்தாள்களே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் அதிபர் ஆசிரியர் அறைக்கு வந்தார். "இந்த முறை அவையவை தங்கடை பாடத்துக்குத் தாங்களே கேள்வி போடுங்கோ. கரும்பலகையிலை எழுதிவிட்டால் பிள்ளையள் பார்த்து எழுதட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார். விஞ்ஞானம் படிப்பித்தவர் பெருமூச்சு விட்டார். நான் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்துக் கொஞ்சம் மாற்றினால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அரியாலையில், கடலேரிக்குப் போகும் வழியில் இருந்த ஒரு கலவன் பாடசாலையில் நான் ஆண்டு எட்டுக்குச் சமூகக்கல்வி படிப்பித்தேன். வகுப்பாசிரியையும் நான்தான். பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த ஊரவர்கள், வயல் செய்த கமக்காரர்களும் அரசாங்க வேலை பார்த்த கந்தோர்க்காரர்களும் பெற்ற பிள்ளைகள். மற்றவர்கள் இராணுவம் இருந்த கோட்டைப் பக்கத்துச் சண்டையில் வீடுவாசலை விட்டு வந்த, மீன்பிடிக்கிறவர்களின் ஊரான குருநகர்ப் பிள்ளைகள். சொந்தக்காரர் வீடுகளிலும் மாதா கோயில் மண்டபத்திலும் இருந்துகொண்டு பள்ளிக்கூடம் வந்தார்கள்.

குழப்படி இல்லாத வகுப்பு. பார்க்க வருகிறவர்கள் மெச்சுவார்கள். எனக்கு மட்டும் அந்த அமைதி என்னவோ போல இருந்தது. பாடம் முடிந்ததும், "விளங்கிச்சோ?" என்று கேட்பேன். "ஓம் ரீச்சர்" என்று எல்லாரும் ஒரே குரலில் இழுப்பார்கள். "ஏதும் கேள்வி இருக்கோ?" என்பேன். "இல்லை ரீச்சர்." அதற்கும் அதே இழுவைதான். நான் கொடுத்த குறிப்புகள் சோதனைத்தாளில் ஒரு எழுத்தும் பிசகாமல் எனக்கே திரும்பி வரும். ஒருமுறை மகாவலி போய் விழும் இடத்தை வாய்தவறி மாற்றிச் சொல்லிவிட்டேன். அந்தத் தவணை வகுப்பு முழுவதும் மகாவலியை நான் சொன்ன இடத்திலேயே கொண்டுபோய் விழுத்தியிருந்தது. ஒரு பிள்ளையாவது புத்தகத்தைப் பார்த்து, "ரீச்சர், பிழையெல்லோ?" என்று கேட்கவில்லை.

வினாத்தாள் வராத செய்தியை வகுப்பில் சொன்னபோது முதலில் ஒரு சின்ன ஆரவாரம் எழுந்தது. சோதனையே இல்லை என்று நினைத்துவிட்டார்கள்.

"சோதினை இருக்கு. கேள்விதான் நான் போட வேணும்," என்றேன்.

முன் வாங்கில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். தபால்கந்தோரில் வேலை செய்தவரின் மகள். முற்றத்தில் நின்றால் அவளுடைய குரல்தான் எல்லாருடையதிலும் மேலாகக் கேட்கும். வகுப்புக்குள் வந்ததும் அடங்கிவிடுவாள். அன்றைக்கு என்ன துணிவோ, "கஷ்டமாப் போடாதேங்கோ ரீச்சர்," என்றாள்.

"அப்ப நீங்களே போடுங்கோவன்," என்றேன்.

பகிடியாகத்தான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அவ்வளவு பேரும் ஒன்றாக என் முகத்தைப் பார்த்து நான் அதுவரை கண்டதில்லை. வழக்கத்தில் கரும்பலகையை அல்லது கொப்பியைத்தான் பார்ப்பார்கள்.

"உண்மையாவோ ரீச்சர்?" என்றாள் அவள்.

அந்த முகங்களைப் பார்த்த பிறகு இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. "ஓம், உண்மையாத்தான்," என்றேன்.

எப்படிச் செய்வது என்று எனக்கும் தெரியாது. அதனால் அவர்களையே கேட்டேன். முதல் கொஞ்ச நேரம் பழையபடி, "நீங்கள் சொல்லுங்கோ ரீச்சர்" என்றுதான் வந்தது. நான் கதிரையில் இருந்துகொண்டு பேசாமல் இருந்தேன். அந்த மௌனம் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வாயைத் திறந்து இப்படி இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. கடைசியில் பின் வாங்கிலிருந்து ஒரு பொடியன் எழும்பினான். அவனுடைய வீட்டார் தோட்டம் செய்கிறவர்கள். பள்ளிக்கூடம் வரமுதல் தோட்டத்துப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிவிட்டு வருகிறவன். முதல் பாடத்தில் அநேகமாக நித்திரை தூங்குவான்.

"ரீச்சர், நாங்கள் எல்லாரும் சேர்ந்து கேள்வி போட்டால் எல்லாருக்கும் கேள்வி தெரிஞ்சிடும். பிறகு அது என்ன சோதினை?"

நல்ல கேள்வி. நான் யோசிக்காத கேள்வி. "அப்ப என்ன செய்யலாம்?" என்று திருப்பிக் கேட்டேன்.

அதற்குப் பிறகு என்னைக் கவனிக்க ஆள் இல்லை. ஒரு பிள்ளை ஒன்று சொல்ல இன்னொரு பிள்ளை மறுத்தது. குருநகர்ப் பிள்ளைகள் ஒரு பக்கமும் ஊர்ப் பிள்ளைகள் ஒரு பக்கமுமாக இருந்தவர்கள், அந்தப் பாடம் முடிவதற்குள் வாங்குகளைத் தாண்டி எழும்பி நின்று கதைத்தார்கள். முடிவு இப்படி வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் கேள்வி போடலாம். கேள்வி போடுகிறவர் எழும்பி நின்று அதன் விடையையும் வகுப்புக்குச் சொல்ல வேண்டும். வகுப்பு ஏற்றுக்கொண்டால் கேள்வியைத் துண்டில் எழுதி பால்மா வந்த ஒரு வெறும் தகர ரின்னுக்குள் போடுவது. சோதனையன்று ரின்னைக் குலுக்கி, வருகிற துண்டுகளைக் கரும்பலகையில் எழுதுவது. ரின் நிறையக் கேள்வி இருந்தால் எது வரும் என்று ஆருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் படித்தே ஆகவேண்டும்.

முதல்நாள் வந்த கேள்விகள் சப்பென்று இருந்தன. இலங்கையின் தலைநகரம் எது என்று ஒரு பிள்ளை கேட்டது. "உது மூண்டாம் வகுப்புக் கேள்வி" என்று வகுப்பு கத்தியது. அந்தப் பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்தநாள் அதே பிள்ளை, இலங்கையின் தலைநகரம் ஏன் அடிக்கடி மாறியது என்று கேட்டு, அநுராதபுரத்திலிருந்து தொடங்கி விடையும் சொன்னது. ஆளை ஆள் மடக்க வேண்டும் என்ற வேகம் அவர்களுக்கு வந்துவிட்டது. புத்தகத்தில் படங்களுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தவற்றையெல்லாம் தேடி வாசித்தார்கள். நான் ஒருநாளும் படிப்பிக்காமல் தாண்டிப்போன பக்கங்களிலிருந்தும் கேள்விகள் வந்தன. இடைவேளைக்கு மணி அடித்த பிறகும் வகுப்பைவிட்டு வெளிக்கிடாமல் நின்று விவாதித்தார்கள்.

ஒருநாள் மீன்பிடித் தொழில் பற்றிய பாடம். குருநகர்ப் பிள்ளை ஒருத்தி எழும்பினாள். மெலிந்த பிள்ளை. வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் அவளுடைய குரலை நான் சரியாகக் கேட்டதில்லை. கையில் துண்டு எதுவும் இல்லை.

"கடலுக்குப் போகேலாமல் இருக்கிற நேரத்திலை, மீன் பிடிக்கிற ஆக்கள் என்ன தொழில் செய்யினம்?" என்று கேட்டாள்.

சண்டையால் கடலில் இறங்கத் தடை இருந்த நாட்கள் அவை.

"உது புத்தகத்திலை இல்லை," என்றாள் தபால்கந்தோர்க்காரரின் மகள். கோபமாகச் சொல்லவில்லை, புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

"புத்தகத்திலை இல்லாட்டில் நடக்கேல்லையோ?" என்றாள் மற்றவள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வகுப்பைப் பார்த்தேன். "கேள்வி போட்ட ஆள் விடை சொல்ல வேணும் எண்டது நீங்கள் வைச்ச சட்டம். கேட்டுப் பாப்பம்," என்றேன்.

அவள் சொல்லத் தொடங்கினாள். அப்பா தென்மராட்சிப் பக்கம் சைக்கிளில் போய் விறகு கட்டி வந்து விற்கிறார். சித்தப்பா பழைய ரயரை வெட்டிச் செருப்புத் தைக்கிறார். அம்மாவும் பெரியம்மாவும் பழைய வலையைப் பிரித்துக் கயிறு திரிக்கிறார்கள். தோட்டக்காரப் பொடியன் இடையில் புகுந்து, "எங்கடை தோட்டத்திலை வெங்காயம் கிண்டவும் குருநகர் ஆக்கள் வந்தவை. முதல்நாள் அவைக்குக் கிண்டத் தெரியேல்லை. மூண்டாம்நாள் எங்கடை ஆக்களைவிடக் கெதியாய்க் கிண்டினவை," என்றான். அவள் முதல்முறையாகச் சிரித்தாள். "அது எங்கடை மாமா," என்றாள்.

கேள்வியை ஏற்பதா என்று பிள்ளைகளே கை உயர்த்தச் சொன்னார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் விடையை எப்படித் திருத்துவது? இதற்கு ஒரு விடைதான் என்று சொல்ல முடியாது. கடைசியில் தபால்கந்தோர்க்காரரின் மகளே வழி சொன்னாள். ஏதாவது மூன்று தொழில் எழுத வேண்டும். ஒவ்வொன்றும் தனக்கு எப்படித் தெரியும், ஆரிடம் கேட்டது என்றும் எழுத வேண்டும். கேட்காமல் எழுதினால் புள்ளி இல்லை.

அதற்குப் பிறகு வந்த சனி ஞாயிறில் என் வகுப்புப் பிள்ளைகள் ஊரைத் துளைத்துவிட்டார்கள். கோயில் மண்டபத்துக்கு அதுவரை எட்டிப் பார்க்காத ஊர்ப் பிள்ளைகள் கொப்பியும் கையுமாகப் போயிருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை நான் சைக்கிளில் வந்தபோது அந்தக் குருநகர்ப் பிள்ளையின் தகப்பன் விறகுக் கட்டோடு எதிரே வந்தார். சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டார்.

"ரீச்சர், உங்கடை பிள்ளையள் வந்து என்னைப் பேட்டி எடுத்திட்டுப் போகுதுகள்," என்றார். "ஒரு பொடியன் கேக்கிறான், கடலோ விறகோ விருப்பமெண்டு. இவ்வளவு நாளும் என்னை ஒருத்தரும் உப்பிடிக் கேக்கேல்லை."

"என்ன சொன்னியள்?"

"கடலெண்டுதான் சொன்னன். ஆனா சைக்கிள் கவிழாது எண்டும் சொன்னன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். விறகுக் கட்டை ஒருமுறை அசைத்துச் சரிபார்த்துக்கொண்டு மிதித்துப் போனார்.

எல்லாத் தகப்பன்மாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தநாள் அதிபர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய அறையில் தபால்கந்தோர்க்காரர் இருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டு, மடியில் குடை.

"ரீச்சர், நான் குறை சொல்ல வரேல்லை," என்று தொடங்கினார். அப்படித் தொடங்குகிறவர்கள் குறைசொல்லத்தான் வருவார்கள் என்பது எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. "என்ரை பிள்ளை வீட்டை வந்து என்னைக் கேள்வி கேக்குது. தபால் வராத நாளிலை தபால்கந்தோரிலை என்ன வேலை நடக்குது எண்டு கேக்குது. சோதினைப் பேப்பரைப் பிள்ளையள் போடுறதெண்டால் படிப்பிக்கிறவை என்னத்துக்கு?"

அதிபர் என்னைப் பார்த்தார். அமைதியான மனிதர். சத்தம் போட மாட்டார். சத்தம் போட்டாலும் பரவாயில்லை என்று தோன்றும்படி பார்ப்பார். "இது எனக்குத் தெரியாதே. ஏன் ரீச்சர் சொல்லேல்லை?"

"சொன்னால் வேண்டாம் எண்டுவியள் எண்டு பயந்தனான், சேர்," என்றேன்.

அவர் தபால்கந்தோர்க்காரரிடம் திரும்பி, "நான் ஒருக்கால் பாத்திட்டுச் சொல்லுறன்," என்றார்.

அன்றைக்கே ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வகுப்பின் பின்சுவரோடு இருந்தார். வகுப்பு பழையபடி ஊமையாகிவிட்டது. நான் எவ்வளவு கேட்டும் ஒருவரும் எழும்பவில்லை. வகுப்பின் பழைய அமைதியை அவர் பார்த்துவிட்டுப் போகப்போகிறார் என்று நினைத்தேன்.

அந்த நேரம் தபால்கந்தோர்க்காரரின் மகள் எழும்பித் திரும்பிப் பார்த்தாள். "சேர், நீங்களும் ஒரு கேள்வி போடுறியளோ?"

அதிபர் எதிர்பார்க்கவில்லை. தொண்டையைச் செருமினார். "சரி. நற்பிரசையின் கடமைகள் ஐந்து தருக," என்றார்.

வகுப்பு நெளிந்தது. சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது என்ற நெளிவு. தோட்டக்காரப் பொடியன்தான் எழும்பினான். "சேர், உது போன தவணையும் வந்தது. அதுக்கு முதல் தவணையும் வந்தது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்ப எப்பிடிக் கேக்க வேணும்?" என்று அதிபரின் குரல் கேட்டது.

பொடியன் தலையைச் சொறிந்தான். "ஐஞ்சு கடமையும் எங்களுக்குப் பாடம், சேர். ஒரு ஆள் தன்ரை கடமையைச் செய்யாட்டில் ஆருக்கு என்ன நட்டம் எண்டு கேட்டால் யோசிச்சுத்தான் எழுத வேணும்."

அதிபர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் ஒரு துண்டு வாங்கி அந்தக் கேள்வியை எழுதினார். எழும்பி வந்து தானே ரின்னுக்குள் போட்டார். "விடையையும் சொல்ல வேணுமாம், சேர்," என்று யாரோ மெல்ல ஞாபகப்படுத்தினார்கள். அவர் நின்றபடியே விடை சொன்னார். அதிபர் தன்னுடைய கடமையைச் செய்யாவிட்டால் பள்ளிக்கூடத்தில் என்னென்ன நடக்கும் என்பதைத்தான் உதாரணமாக எடுத்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மலசலகூடத்துக் கதவு இன்னும் திருத்தாமல் இருப்பதை ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள்.

வெளியே வந்து விறாந்தையில் என்னிடம், "நடத்துங்கோ ரீச்சர். ஆனா புள்ளி றிப்போட்டிலை ஒழுங்கா வேணும்," என்றார். அந்தக் கிழமையே கதவும் திருத்தப்பட்டது.

சோதனை நாளும் வந்தது. ரின்னைக் குலுக்கித் துண்டுகளை எடுக்கிற பொறுப்பைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். நான் கரும்பலகையில் எழுதினேன். கடைசித் துண்டையும் எழுதி முடித்துச் சோக்கை வைத்தபோது வகுப்பில் ஒரு முணுமுணுப்பு.

"என்ன?"

"அந்தக் கேள்வி வரேல்லை, ரீச்சர்," என்றான் தோட்டக்காரப் பொடியன்.

"எந்தக் கேள்வி?"

"கடல் கேள்வி."

எல்லாரும் அதற்காக அலைந்து திரிந்து கேட்டு வந்திருந்தார்கள். அது வராமல் போனதை ஏற்க அவர்களுக்கு மனமில்லை. ரின்னின் தீர்ப்பு தீர்ப்புத்தான் என்று சிலர் சொன்னார்கள். வரும் என்று நம்பித்தானே போய்க் கேட்டோம் என்று சிலர். மறுபடி கைகள் உயர்ந்தன. கூடுதலாக ஒரு கேள்வி சேர்க்கும்படி மாணவர்களே கேட்டு, அதை நான் கரும்பலகையில் எழுதியது என் வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். குருநகர்ப் பிள்ளை தலையைக் குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். காதுவரை சிரிப்பு இருந்தது.

பாதிச் சோதனையில், குண்டு போட வரும் பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்டது. வழக்கம்போல எல்லாரும் எழுந்து வேப்பமரத்தடியில் பதுங்குவதற்கு வெட்டியிருந்த பங்கருக்குள் ஓடினோம். இருட்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தபோது எனக்கு ஒரு எண்ணம் வந்தது. இனிச் சோதனை முடிந்தது, எல்லாரும் எல்லா விடையையும் சொல்லிக்கொள்ளப் போகிறார்கள், என்னால் என்ன செய்ய முடியும்?

ஒரு சின்னக் குரல், "ரண்டாவது கேள்விக்கு..." என்று தொடங்கியது.

"வாயை மூடு. நாங்கள் போட்ட பேப்பர் அது," என்று இருட்டுக்குள் வேறொரு குரல் அதட்டியது. ஆருடைய குரல் என்று எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு சத்தம் ஓயும்வரை வகுப்பு வாய் திறக்கவில்லை. வானத்தில் சத்தம் போனதும் மண்ணைத் தட்டிக்கொண்டு திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து எழுதினார்கள்.

புள்ளிகள் படுமோசம். அந்த வகுப்பு அதுவரை எடுத்ததிலேயே குறைந்த புள்ளிகள். ஆளை ஆள் மடக்கப் போட்ட கேள்விகளில் எல்லாரும் மடங்கியிருந்தார்கள். திருத்திய தாள்களைக் கொடுத்தபோது அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். சண்டைதான் வந்தது. கேள்வி போட்டவர்களைத் தேடிப் போய்த் தங்கள் விடை ஏன் சரி என்று வாதாடினார்கள். கடல் கேள்விக்கு மட்டும் எல்லாரும் நிறைய எழுதியிருந்தார்கள். கேட்காமல் கற்பனையில் எழுதிய ஒரு பிள்ளையைக் குருநகர்ப் பிள்ளை ஒரு பார்வையில் பிடித்துவிட்டாள். "எங்கடை மண்டபத்திலை அப்பிடி ஒரு அந்தோனி மாமா இல்லை, ரீச்சர்," என்றாள். அந்த விடைக்குப் புள்ளியை வெட்டினேன்.

றிப்போட்டுகள் வீட்டுக்குப் போனபின் தபால்கந்தோர்க்காரர் திரும்ப வந்தார். மகளுக்கு வழமையாக வருகிற புள்ளியில் பாதிதான் வந்திருந்தது. குடையோடு வாசலில் நின்றார். அதிபரிடம் போகாமல் நேரே என்னிடம் வந்தார்.

"ரீச்சர், அந்தத் தலைநகரக் கேள்வி. கோட்டை இராச்சியத்துக்குப் பிறகு கண்டி எண்டு அவள் எழுதினது பிழையோ?"

இடையில் இன்னொரு தலைநகரம் இருந்ததை விளங்கப்படுத்தினேன். கவனமாகக் கேட்டார். "நானும் அவளுக்குப் பிழையாத்தான் சொல்லிக் குடுத்தனான்," என்றார். "அடுத்த தவணையும் உப்பிடித்தானோ?"

"அச்சடிச்ச பேப்பர் வந்தால் அதைத்தான் குடுக்க வேணும்."

"ஓமோம், அது சரி," என்றார். போகத் திரும்பியவர், "வீட்டிலை சாப்பிடேக்கையும் கேள்விதான், ரீச்சர். முந்தி அவள் என்னோடை இவ்வளவு கதைக்கிறதில்லை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த தவணை அச்சடித்த தாள்கள் எப்படியோ வந்து சேர்ந்தன. பிள்ளைகள் சத்தமில்லாமல் எழுதினார்கள், நல்ல புள்ளிகளும் எடுத்தார்கள். ஆனால் பாடம் நடக்கும்போது நான் இரண்டு வசனம் சொல்வதற்குள் ஒரு கை எழும்பும். ஒரு பாடத்தை முடிக்க முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. "உங்கடை வகுப்புக்குப் போனால் நெருப்புத் தணலிலை நிக்கிற மாதிரி இருக்கு. ஒளி ஏன் நேர்கோட்டிலை போகுது, வளைஞ்சு போனால் என்ன எண்டு கேக்குதுகள்," என்று விஞ்ஞான ஆசிரியர் முறையிட்டார். முறையிட்டுவிட்டு, அதற்கு என்ன விடை சொன்னார் என்று இடைவேளை முழுக்க எங்களுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.

பின்வந்த வருடங்களில், அச்சடித்த தாள் வராத தவணைகளில், வேறு வகுப்புகளோடும் அந்த ரின் சோதனையைச் செய்து பார்த்தேன். ஒரு வகுப்பு அதைப் பகிடியாக எடுத்து ரின்னுக்குள் பாட்டு வரிகளை எழுதிப் போட்டது. இன்னொரு வகுப்பு, "எங்களுக்கு வேண்டாம் ரீச்சர், நீங்களே போடுங்கோ," என்று தீர்மானித்தது. அதையும் அவர்களேதான் தீர்மானித்தார்கள் என்பதால் நான் மறுக்கவில்லை. அவர்களுக்கு நானே ஒரு வினாத்தாள் தயாரித்தேன். அதைக் கரும்பலகையில் எழுதி முடித்துத் திரும்பியபோது ஒரு பிள்ளை கையை உயர்த்தி, மூன்றாவது கேள்வி சரியாக விளங்கவில்லை, வேறு விதமாகக் கேட்க முடியுமா என்றது. அழித்துவிட்டுத் திருத்தி எழுதினேன்.